வலி மாத்திரையில மாட்டின பிள்ளைங்களுக்காக

வலி மாத்திரையைக் கரைச்சு ஊசியில ஏத்திக்கிற பழக்கம் எங்க டெல்டா கிராமங்க வரைக்கும் வந்துடுச்சு. எங்க சித்தி மகனும் அதுல மாட்டினான். நிறுத்தினதும் கொட்டாவி, மூக்கொழுகல், வயித்துப்போக்கு, கை கால் குடைச்சல், ராத்திரி பூரா பொட்டுத் தூக்கமில்ல. திமிருன்னு பேசுற சொந்தக்காரங்க ஒரு ராத்திரி பக்கத்துல உக்காந்து பார்க்கணும். இது நோய்ங்க. மருந்தும் இருக்கு.

புப்ரெநார்பின்னு பேரு. நாக்குக்கு அடியில வச்சா கரையும், தவிப்பு அடங்கும். ஆனா தொடர்ந்து எடுக்கணும். நடவு நேரத்துல கூலியை விட்டுட்டு நீடாமங்கலத்துலேர்ந்து தஞ்சாவூருக்கு எத்தனை தடவை பஸ் ஏறுவான்? மருந்தைப் பாதியில விட்டு, மறுபடி வலி மாத்திரையைப் பழைய அளவுல ஏத்தினா உயிரே போயிடலாம்.

அமெரிக்காவுல 2020 கொரோனா சமயத்துல இந்த மருந்தைப் போன்ல பேசியே ஆரம்பிக்க டாக்டர்களுக்கு அனுமதி கொடுத்தாங்க. அதே வருஷம் நம்ம நாட்டுல வந்த டெலிமெடிசின் விதி, இது மாதிரி போதைப்பொருள் சட்டத்துல இருக்கிற மருந்து எதையும் போன்லயோ வீடியோவுலயோ பார்த்து எழுதக் கூடாதுன்னுச்சு. கள்ளத்தனமா விப்பாங்கங்கிற பயம் நியாயம்தான். நேர்ல பார்த்து ஆரம்பிச்சவங்களுக்கு மறுபார்வையாவது வீடியோவுல நடக்கட்டுமே!

கவுன்சிலிங்குக்கு அந்தத் தடை இல்ல. தம்பி மோட்டார் கொட்டகையில, சிக்னல் கிடைக்கிற மூலையில நின்னு பேசுறான். சித்தி வரப்புலயே காத்திருக்காங்க.

உங்க வீட்டுல யாராவது இருந்தா மறைக்காதீங்க. போதை மீட்புக்கு 14446, மனநல உதவிக்கு 14416. ரெண்டுமே இலவசம்.