மேகத்தில் தெரிந்த உருவம்

பிப்ரவரி 3

அமெரிக்கக் கவிஞர் எட்கர் ஆலன் போவின் 'அலோன்' (தனியாக) கவிதையை மறுபடி எடுத்தேன். மொத்தமே 22 வரி. சின்ன வயதிலிருந்தே நான் மற்றவர்களைப் போல் இருந்ததில்லை, அவர்கள் பார்த்தபடி பார்த்ததில்லை என்று ஆரம்பிக்கிறார். துக்கம் ஊறிய இடம் வேறு, மனசு மகிழ்ந்த சுருதியும் வேறு. நேசித்ததையெல்லாம் தனியாகவே நேசித்தேன் என்று எட்டாவது வரியில் நிறுத்துகிறார். 'நானும் இப்படித்தான்' என்று வாசகர் நெஞ்சில் கை வைக்கும் இடம் அது. அதோடு நின்றுவிட்டால் கவிதை பாதிதான் கிடைக்கும்.

பிப்ரவரி 4

பென்சிலால் கோடு போட்டபடி படித்தேன். அந்த எட்டு வரிக்குள் 'இல்லை', 'முடியவில்லை' என்று மறுப்பு ஐந்து முறை வருகிறது. ஒன்பதாவது வரியிலிருந்து ஒரு மறுப்பும் கிடையாது! அருவி, ஊற்று, மலையின் செம்பாறை, இலையுதிர்காலத்துப் பொன்வெயில், பறந்து கடந்த மின்னல், இடி, புயல்... மூச்சு விடாமல் ஒரே வாக்கியமாகக் கடைசி வரி வரைக்கும் ஓடுகிறது.

இதில் எது அபூர்வமானது? எல்லாமே எல்லார் கண்ணிலும் படுபவைதான். தனக்கு மட்டும் வேறு உலகம் வாய்த்தது என்று அவர் சொல்லவே இல்லை. அதே வெயில், அதே இடி. அவற்றிலிருந்து அவருக்கு வந்து சேர்ந்ததுதான் வேறு.

பிப்ரவரி 7

எழுதியது 1829இல், 20 வயதில். பெற்ற தாய் இறந்தபோது அவருக்கு இரண்டு வயது. வளர்த்த தாயும் அந்த 1829 பிப்ரவரியில் போய்விட்டார். ஒரு பெண்ணின் ஆல்பத்தில் எழுதிக் கொடுத்த கவிதை இது. போ 1849இல் இறந்தார், இது அச்சேறியது 1875இல். தலைப்புகூட அப்போது வேறொருவர் வைத்ததுதான். அந்தத் தலைப்பு இல்லாமல் ஒருமுறை படித்துப் பாருங்கள். தனிமையைவிடப் பார்வையைப் பற்றிய கவிதையாகவே எனக்குத் தெரிகிறது.

பிப்ரவரி 8

ஔவையாரின் குறுந்தொகை 28 நாள் முழுக்க மனசில் ஓடியது. 'முட்டுவேன்கொல் தாக்குவேன்கொல்' என்று தவிக்கிறாள் தலைவி. தன் நோய் அறியாமல் தூங்கும் ஊர் மீது அவளுக்கு அவ்வளவு ஆத்திரம். கூவி எழுப்பிவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. போவிடம் அந்த ஆத்திரம் துளியும் இல்லை. மற்றவர்கள் மேல் ஒரு குறையும் சொல்லாமல் விலகி நிற்கிறார். எனக்கு மனசுக்கு நெருக்கம் என்னவோ தலைவிதான். அவளுக்கு இன்னும் ஊர் வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 11

அக்கா மகள் கவிதையைப் படித்துவிட்டு, "சித்தி, கடைசியில மேகம் பிசாசா தெரியுதுங்கறாரே, மனசு சரியில்லையோ?" என்றாள்.

அடைப்புக்குறிக்குள் இருக்கும் வரியைக் காட்டினேன். மிச்ச வானமெல்லாம் நீலமாக இருந்தபோது, என்கிறார் அங்கே. மற்றவர்கள் பார்த்த நீலம் அவருக்கும் தெரிந்திருக்கிறது. பிசாசு இருந்தது என்று அடித்துச் சொல்லவும் இல்லை, 'என் பார்வையில்' என்றுதான் முடிக்கிறார்.

அவள் விடவில்லை. "நீலம் தெரிஞ்சும் ஏன் அந்த மேகத்தையே பார்க்கணும்?"

நல்ல கேள்வி. கவிதை முழுக்க நடந்து முடிந்ததைத்தான் சொல்கிறார், ஓரிடம் தவிர. சிறுவயதில் தன்னைப் பற்றிக்கொண்ட ஒரு புதிர் இன்னமும் தன்னைக் கட்டி வைத்திருக்கிறது என்கிறார். விருப்பப்பட்டுப் பார்த்தவராக இருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார் என்றேன். அவள் மறுபடி முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.