இழுவைப் படகை விட்டு ஆழ்கடல் படகுக்கு மாறிய அனுபவம்

இராமேஸ்வரம், மண்டபம், கோட்டைப்பட்டினம் பக்கமிருந்து அடிக்கடி போன் வருகிறது. "போட்டை மாத்துனீங்களே, நெசமாவே கட்டுப்படியாகுதா? மானியம் ஒழுங்கா வந்துச்சா?" இதுதான் கேள்வி. ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகச் சொல்வதைவிட முழுசாக எழுதிவிடுகிறேன். மாறலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்குத்தான் இது.

முதலில், ஏன் மாறினோம். பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். சராசரியாக 10 மீட்டரை ஒட்டித்தான் ஆழம். அதில் வாரத்துக்கு மூன்று நாள், திங்கள், புதன், சனி, விசைப்படகுகள் டோக்கன் வாங்கிக்கொண்டு இறங்கும். மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. இழுவைமடி என்னும் வலை கடல் தரையைச் சுரண்டிக்கொண்டே போகும். அப்பா காலத்தில் மடியைத் தூக்கினால் இறாலும் நண்டும் கணவாயும் கொட்டும். கடைசி வருடங்களில் எங்களுக்குக் கொட்டியது பெரும்பாலும் சங்காயம்: விரல் நீளக் காரல், குஞ்சு நண்டு, பாசி, உடைந்த சிப்பி. கோழித் தீவனத்துக்குக் கூடைக் கணக்கில் போகும். நாளைக்குப் பெரிய மீனாக வேண்டியது அந்தக் கூடையில் கிடந்ததைப் பார்க்கப் பொறுக்கவில்லை. மடிப்பையின் (மீன் சேரும் கடைசிப் பை) கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று விதி இருக்கிறது. துறைமுகத்தில் காயப்போட்டிருக்கும் மடிகளைப் பார்த்தாலே அது எந்த அளவுக்கு நடக்கிறது என்று தெரியும்.

நம் பக்கம் மீன் குறையக் குறைய படகெல்லாம் எல்லை தாண்டும். அந்தப் பக்கம் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் போர் முடிந்து 2009-க்குப் பிறகு வலை போட வந்தவர்கள் நம்மைப் போன்ற தமிழ்ப் பிள்ளைகள். அவர்கள் கடன் வாங்கிப் போட்ட வலை நம் மடியில் அறுந்து வரும். 2017-இல் இலங்கை இழுவைமடியையே சட்டப்படி தடை செய்துவிட்டது. பிடிபட்டால் படகு போச்சு.

அதே 2017 ஜூலையில்தான் இராமேஸ்வரத்தில் ஆழ்கடல் மீன்பிடித் திட்டம் தொடங்கியது. மூன்று வருடத்தில் 2000 இழுவைப் படகுகளை மாற்றுவது இலக்கு. அப்போது ஒரு படகுக்கு 80 லட்சம் என்று கணக்கு. மத்திய அரசு 50 சதவீதம், மாநில அரசு 20, வங்கிக் கடன் 20, நம் கைக்காசு 10. அதாவது 8 லட்சம் கையிலும் 16 லட்சம் கடனாகவும் வேண்டியிருந்தது.

பேப்பர் வேலையைப் பயப்படாமல் செய்யலாம். படகுப் பதிவுச் சான்று, உரிமம், காப்பீடு, ஆதார், சங்க உறுப்பினர் அட்டை எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று மட்டும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். அப்பா பெயரில் இருக்கும் படகை மகன் ஓட்டும் வீடுகளில் இதற்கே மாதக்கணக்கில் ஓடிவிடும்.

சிக்கல் வங்கியில்தான். நாங்கள் போன கிளையில் வீட்டுப் பத்திரம் கேட்டார்கள். நம்மில் பாதிப் பேருக்குப் பட்டாவே கிடையாது, எங்கே போவது? சொந்தக்காரர் ஒருவரின் நிலத்தை வைத்துத்தான் கடன் கிடைத்தது. அப்புறம் படகு கட்டும் இடத்தில் இரும்பு விலை, இன்ஜின் விலை என்று 80 லட்சத்தைத் தாண்டியது. கூடுதல் பணம் நம் தலையில். இதையும் சேர்த்துக் கணக்குப் போடாமல் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

பழைய படகைப் பாக் விரிகுடாவை விட்டு அகற்றியே ஆக வேண்டும். நாங்கள் உடைத்தோம். பலகை பலகையாகக் கழற்றும்போது அப்பா கரைக்கு வரவில்லை. ஆனால் இந்த நிபந்தனை சரியானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பழைய படகும் ஓடிக்கொண்டு புதுப் படகும் வந்தால் கடலுக்கு என்ன லாபம்?

புதுப் படகு இரும்புப் படகு, பெரியது. ஆழமில்லாத இராமேஸ்வரம் துறைக்குச் சரிப்படாது. மன்னார் வளைகுடா பக்கம் மூக்கையூர் துறைமுகத்தில் நிறுத்தினோம். அங்கிருந்து கன்னியாகுமரிக்குத் தெற்கே வரை போக வேண்டும்.

இனிதான் உண்மையான பாடு. மடி இழுக்கத் தெரிந்தவனுக்குத் தூண்டில் தெரியாது. முதல் நாள் காலையில் இறங்கி மறுநாள் கரைக்கு வந்து பழகியவர்களை வாரக்கணக்கில் கடலில் வைத்திருப்பது லேசில்லை. எங்கள் ஆட்களில் சிலர் விலகிவிட்டார்கள். பயிற்சி வகுப்பில் படம் போட்டுக் காட்டினார்கள், நல்ல பயிற்சிதான், ஆனால் கை பழகவில்லை. கடைசியில் கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூரிலிருந்து ஒரு மூத்த மீனவரைப் பங்குக்கு அழைத்து வந்தோம். ஆழ்கடல் தூண்டிலில் அந்த ஊர்க்காரர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

ஆயிரங்கால் தூண்டில் என்பது கிலோமீட்டர் கணக்கில் ஓடும் ஒரு தாய்க்கயிறு. அதில் இடைவெளி விட்டுக் கிளைக்கயிறுகள், நுனியில் முள், முள்ளில் கணவாயோ மத்தியோ இரை. விடியும் முன் விட்டுவிட்டு, சில மணி நேரம் கழித்து இழுக்க வேண்டும். எந்த ஆழத்தில் முள் நிற்க வேண்டும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மிதவைக்கயிற்றைச் சில பாகம் (ஒரு பாகம் இரு கை விரித்த நீளம்) கூட்டிக் குறைத்தே அவர் எங்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்னும் கடல் தகவல் மையம் அனுப்பும், சூரை (டூனா) மீன் எங்கே கிடைக்கலாம் என்ற தகவல்களையும் பார்ப்போம். டீசல் மிச்சமாகிறது.

முதல் பெரிய மஞ்சள்துடுப்புச் சூரை ஏறியபோது எங்கள் பையன் ஒருவன் கட்டையை எடுத்து ஓங்கினான். "அடிக்காத தம்பி! விலை போச்சு!" என்று தூத்தூர்க்காரர் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. கொக்கியைத் தலையில் மட்டும்தான் மாட்டினார், உடம்பில் படவே விடவில்லை. மெத்தென்ற பாய் மேல் கிடத்தி, மூளையில் ஒரே குத்து. பக்கத் துடுப்புக்குப் பின்னால் கத்தியால் கீறி இரத்தம் முழுக்க வடிய விட்டார். செவுளும் குடலும் எடுத்து நேராக ஐஸ் தண்ணீருக்குள் இறக்கினார். சூரை துடிக்கத் துடிக்க உடம்பு சூடேறி சதை வெளிறிவிடும். கரையில் வாங்க வருபவர் மெல்லிய குழாய் ஒன்றைச் செருகி, சதையில் துளி எடுத்து நிறம் பார்ப்பார். சிவந்திருந்தால் ஒரு விலை, வெளிறியிருந்தால் அதில் பாதிகூட வராது. அதே கடல், அதே மீன், அதே டீசல். குறைவாகப் பிடித்து நிறையச் சம்பாதிக்க வழி இந்தக் கை வேலையில் இருக்கிறது.

ஆழ்கடலிலும் மீன் வற்றாமல் கிடக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் 2015-லேயே மஞ்சள்துடுப்புச் சூரை அளவுக்கு மீறிப் பிடிக்கப்படுகிறது என்று சொல்லி, அடுத்த வருடமே பிடிப்பைக் குறைக்கும் கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஆமையும் வீணாகச் சாகக் கூடாது என்றுதான் நாங்கள் வட்ட முள் போடுகிறோம். அதில் ஆமை சிக்குவது குறைவு. சிக்கினாலும் பெரும்பாலும் விழுங்கியிருக்காது, வாயோரத்தில்தான் மாட்டியிருக்கும். கயிற்றை அறுத்து விடாமல் முள்ளைக் கழற்றித்தான் விடுவோம்.

வருமானம்? நல்ல பயணமும் உண்டு, டீசலும் ஐஸும் போக ஒன்றும் மிஞ்சாத பயணமும் உண்டு. கடன் தவணை இதுவரை நிற்கவில்லை. அரசு உடனே செய்ய வேண்டியது, தூத்தூர் போன்ற ஊர்களின் கைதேர்ந்தவர்களுக்குச் சம்பளம் கொடுத்து முதல் வருடம் முழுக்க ஒவ்வொரு புதுப் படகிலும் ஏற்றிவிடுவது. சொத்து ஈடு இல்லாமல் கடன் கொடுக்க வழி செய்வதும்தான்.

விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஒரு ஆழ்கடல் படகில் ஆளாக ஏறி ஒரு முழுப் பயணம் போய் வாருங்கள். கூட வேலை செய்யப்போகும் ஆட்களையும் கூட்டிப் போங்கள். எங்கள் படகிலேயே வரலாம், மூக்கையூரில் வந்து விசாரித்தால் சொல்வார்கள்.