கம்ப்யூட்டரை நானே அசெம்பிள் செய்வதா, கடையில் கொடுப்பதா? ஒரு கல்யாண வீடியோ எடிட்டரின் அனுபவம்

கும்பகோணத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கிறவன் நான். எடிட்டிங் சாஃப்ட்வேரில் முக்கால்வாசி வேலை எடியஸில், ஹைலைட்ஸும் கலர் வேலையும் பிரிமியரில். பல வருஷமாக ஓடிக்கொண்டிருந்த என் பழைய மெஷின், கேமராக்காரர்கள் எல்லாரும் 4கே-க்கும் அதிலும் 10 பிட் 4:2:2-க்கும் (நிறத்தைக் கூடுதல் விவரத்தோடு பதியும் முறை) மாறிய பிறகு, டைம்லைனை நகர்த்தினாலே நின்று நின்று வந்தது. ப்ராக்ஸி (எடிட் செய்ய மட்டும் எடுக்கும் சின்ன நகல்) போட்டே எத்தனை நாள் ஓட்டுவது? 2025 ஆடியில் புதிதாக வாங்கிவிடுவது என்று முடிவெடுத்தேன், ஆடியில் முகூர்த்தம் கிடையாது, ஆவணி பிறந்துவிட்டால் மெஷினைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார எங்களில் யாருக்கும் நேரம் இருக்காது. இதே யோசனையில் இருக்கும் யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

கம்பெனியே கட்டித் தரும் மெஷின் வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, பின்னால் ரேம் கூட்டவும் டிஸ்க் சேர்க்கவும் இடம் வேண்டும். அசெம்பிள்தான். அதை யார் செய்வது என்பதில்தான் மாட்டிக்கொண்டேன். கேட்ட இடத்தில் எல்லாம் இரண்டே பதில்: "ஆயிரம் ரூபாய்க்காக ஏன் ரிஸ்க், கடையில குடுத்துடு" என்று பாதிப் பேர், "யூடியூப் பாத்து சின்னப் பசங்களே பண்றாங்க, நீயே போடு" என்று மீதிப் பேர்.

முதலில் கடைகளில் கொட்டேஷன் வாங்கினேன். எங்கள் ஊரிலும் தஞ்சாவூரிலும் சிலது, அப்புறம் சென்னையில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் சிலது. "எடிட்டிங் மெஷின்" என்று சொன்னால் எல்லாரும் ஏறக்குறைய ஒரே காகிதத்தைத்தான் நீட்டினார்கள். ஐ7-14700எஃப் பிராசசர், என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு, 32 ஜிபி ரேம், 1 டிபி எஸ்எஸ்டி, "கேபினெட் வித் எஸ்எம்பிஎஸ்" (பெட்டியும் அதோடு வரும் பவர் சப்ளையும்). கேம் ஆடுகிறவருக்கு இது குறை சொல்ல முடியாத பட்டியல். கல்யாண வீடியோ எடிட்டருக்கு இது சரிப்படாது, ஏன் என்று கொஞ்சம் விளக்கியாக வேண்டும்.

இன்டெல் பிராசசர் பெயரின் கடைசியில் எஃப் என்று இருந்தால் அதில் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் வேலை செய்யாது. தனியாகக் கார்டு இருக்கிறதே, அது எதற்கு என்று தோன்றும். ஆனால் அந்த உள் கிராபிக்ஸோடுதான் குவிக் சிங்க் என்ற வசதி வருகிறது, எச்.264, எச்.265 என்ற வீடியோ வடிவங்களில் எக்ஸ்போர்ட் செய்ய எடியஸ் காலங்காலமாக அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது மட்டும் இல்லை. 4:2:2-வில் எடுத்த எச்.265 கோப்பை ஹார்டுவேரிலேயே பிரித்துக் காட்டும் வசதி இன்டெல் உள் கிராபிக்ஸில் 11-ஆம் தலைமுறையிலிருந்தே உண்டு, என்விடியா ஜிபோர்ஸ் கார்டுகளில் 2025-இல் வந்த 50 வரிசையில்தான் வந்தது. அதாவது எஃப் பிராசசரும் 4060-ம் சேர்ந்தால் எங்கள் ஃபுட்டேஜைப் பிரிக்க அந்த மெஷினில் ஆளே இல்லை, எல்லாச் சுமையும் பிராசசரின் கோர்கள் தலையில்தான் விழும். லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கியும் டைம்லைன் திக்கும், அப்போது சாஃப்ட்வேரைத் திட்டிக்கொண்டிருப்போம்.

ஒரு கடையில் இதைச் சொன்னேன். "எஃப்-னா என்ன சார், அதான் தனியா கார்டு போடறோமே" என்றார் அவர். அவரைத் தப்பு சொல்லவில்லை, அவரிடம் வருகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அந்தப் பதில் சரிதான். ஆனால் எனக்கு அங்கேதான் விஷயம் பிடிபட்டது. நான் ஒரே கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தது உண்மையில் இரண்டு கேள்வி. எந்தப் பொருள் என்று யார் தேர்ந்தெடுப்பது? ஸ்குரூ யார் முடுக்குவது? முதல் கேள்வியை யாரிடமும் கொடுக்கக் கூடாது என்று அன்றே முடிவாகிவிட்டது. என் கோப்புகள் எப்படிப்பட்டவை என்று எனக்குத்தான் தெரியும்.

அதனால் பட்டியலை நானே போட்டேன். எஃப் இல்லாத ஐ7-14700, விலை வித்தியாசம் சில ஆயிரம்தான். கார்டு, மேலே சொன்ன 50 வரிசையில் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி. டிடிஆர்5 ரேம் இரண்டு 32 ஜிபி, மொத்தம் 64. (ரேம் விலை அப்போது இருந்த மாதிரி இப்போது இல்லை, ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளத் தொடங்கியதும் 2025 கடைசியில் கடுமையாக ஏறிவிட்டது, அதனால் என் பில்லை வைத்து யாரும் கணக்குப் போட வேண்டாம்.) விண்டோஸுக்கு ஒரு எஸ்எஸ்டி, ஓடும் ப்ராஜெக்ட்டுக்குத் தனியாக ஒன்று. பிராசசருக்குப் பெட்டியில் வரும் சின்ன ஃபேன் போதாது, பெரிய டவர் கூலர் ஒன்று. இந்த 14700-க்கு 65 வாட் என்று போட்டிருப்பார்கள், முழு வேகத்தில் 219 வாட் வரை இழுக்கலாம் என்று இன்டெல்லே சொல்கிறது. எஸ்எம்பிஎஸ்-இல் காசு மிச்சம் பிடிக்கவே இல்லை, 750 வாட், கோல்டு தரச் சான்று உள்ளது. கேபினெட்டோடு சேர்த்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்-இல் ஸ்டிக்கரில் என்ன வாட் போட்டிருந்தாலும் நான் நம்ப மாட்டேன். டெல்டாவில் மின்சாரம் ஏறி இறங்கும் லட்சணம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, ஸ்குரூ முடுக்குவது யார்? காசு இங்கே காரணமே இல்லை. எல்லாப் பொருளையும் ஒரே கடையில் வாங்கினால் பல இடத்தில் அசெம்பிளிங் இலவசம், மற்ற இடத்தில் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு. இவ்வளவு பெரிய தொகையில் அது ஒன்றுமே இல்லை. கடையில் கொடுத்தால் ஒரு பெரிய நிம்மதி உண்டு, ஆன் ஆகவில்லை என்றால் அது அவர்கள் பிரச்சினை. இன்டெல் மதர்போர்டில் பின்கள் பிராசசரில் இருக்காது, போர்டு சாக்கெட்டில்தான் இருக்கும், 1700 பின், தலைமுடி மாதிரி. ஒன்று வளைந்தாலும் போர்டு வாரண்டி போய்விடும். அந்த பயம் எனக்கு நிறையவே இருந்தது.

மறுபக்கம் இரண்டு விஷயம் உறுத்தியது. ஒன்று, சென்னையில் அசெம்பிள் செய்து சுமார் 300 கிலோமீட்டர் பஸ்ஸிலோ காரிலோ கொண்டுவர வேண்டும். இன்னொன்றுதான் பெரியது. இது என் பிழைப்புக்கான மெஷின். நாளைக்கு டெலிவரி என்று இன்றைக்கு ராத்திரி டிஸ்ப்ளே வரவில்லை என்றால் மூடியைத் திறக்கவாவது தெரிந்திருக்க வேண்டும். ஒரு தடவை கூடத் தொடாத மெஷினை அந்த ராத்திரியில் முதல்முறையாகத் திறக்கும் தைரியம் யாருக்கும் வராது.

எங்கள் தெருவிலேயே கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிற தம்பி ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய், "பார்ட்ஸ் எல்லாம் நானே வாங்கிட்டு வரேன், அசெம்பிள் பண்றதும் நான்தான், நீ பக்கத்துல உக்காந்து பாரு, தப்பா போனா தடுத்து நிறுத்து, முழுக் கூலி தரேன்" என்று கேட்டேன். இப்படி யாரும் கேட்டதில்லை என்றார், ஆனால் ஒத்துக்கொண்டார். வரும்போது தன் கடையிலிருந்து ஓடுகிற எஸ்எம்பிஎஸ் ஒன்றும் டிடிஆர்5 ரேம் ஒன்றும் எடுத்து வந்தார். எதற்கு என்று கேட்டதற்கு, "ஆன் ஆகலைன்னா எது போச்சுன்னு எப்படிண்ணே கண்டுபிடிப்பீங்க?" என்றார். வீட்டில் செய்கிறவனுக்கும் கடைக்கும் உள்ள நிஜமான வித்தியாசம் அதுதான் என்று நினைக்கிறேன். கைத்திறன் பழகினால் வந்துவிடும், மாற்றிப் போட்டுப் பார்க்க இன்னொரு பொருள் நம்மிடம் இருக்காது. தனியாகச் செய்கிறவர்கள் மாட்டிக்கொள்வதெல்லாம் இந்த இடத்தில்தான்.

பொருள்களை ரிச்சி தெருவில் வாங்கினேன். மெட்ரோவில் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கும் தூரம், ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலும் மூடியிருக்கும். ஒரு கடையில் "பில் வேண்டாம்னா குறைச்சுத் தரேன்" என்றார்கள். கம்ப்யூட்டர் பொருள்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், ஆசையாகத்தான் இருக்கும். வேண்டாம். அசெம்பிள் மெஷினில் ஒவ்வொரு பொருளுக்கும் வாரண்டி தனித்தனி, பில் இல்லாமல் போனால் எந்த சர்வீஸ் சென்டரிலும் நிற்க முடியாது. சீரியல் நம்பரையும் பில்லில் எழுதி வாங்கினேன். இன்னொரு கடையில் பிராசசரை டிரே என்று சொல்லி, பெட்டி இல்லாமல் மலிவாகக் கொடுத்தார்கள், அதையும் தவிர்த்தேன். காரணம் இருக்கிறது. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை பெரிய பிராசசர்களில் வோல்டேஜ் அதிகமாகப் போய் நாளடைவில் மெஷின் நிலையில்லாமல் போகும் கோளாறு 2024-இல் பெரிதாக வெடித்தது, ஆகஸ்ட், செப்டம்பரில் அதற்கு மைக்ரோகோடு (பிராசசருக்குள் ஓடும் அடிப்படைப் புரோகிராம்) திருத்தம் விட்டார்கள், வாரண்டியையும் 2 வருஷம் நீட்டினார்கள். அந்தப் பட்டியலில் 14700-ம் உண்டு. பெட்டியோடு வாங்கினால் நேரே இன்டெல்லிடமே கேட்கலாம், டிரே என்றால் விற்றவரிடம்தான் போய் நிற்க வேண்டும்.

அசெம்பிள் செய்தது வீட்டுச் சாப்பாட்டு மேஜையில். போர்டை அதன் அட்டைப்பெட்டி மேலேயே வைத்து, அங்கேயே பிராசசர், ரேம், எஸ்எஸ்டி மூன்றையும் மாட்டிவிட்டோம். பிராசசர் மூலையில் உள்ள சின்ன முக்கோணத்தை சாக்கெட்டில் உள்ள முக்கோணத்தோடு சேர்த்து வைத்தால் போதும், அமுக்கவே கூடாது. அப்புறம் லீவரை அழுத்தும்போது நறநறவென்று ஒரு சத்தம் வரும், உடைந்தே போச்சு என்று தோன்றும், அது இயல்புதான். சாக்கெட்டின் கறுப்பு பிளாஸ்டிக் மூடி தானாகத் தெறித்து வரும், அதைத் தூக்கிப் போடாதீர்கள், போர்டை வாரண்டிக்கு அனுப்பும்போது கேட்பார்கள். ரேம் இரண்டு என்றால் பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணி 2, 4 ஸ்லாட். எஸ்எஸ்டி மேல் வரும் ஹீட் சிங்க் என்ற சூடு தணிக்கும் உலோகத் தகட்டின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க வேண்டும்.

கேபினெட்டுக்குள் போடுவதற்கு முன்பே, கூலரை மாட்டி எஸ்எம்பிஎஸ்-ஐ இணைத்து ஆன் செய்து பார்க்கச் சொன்னார் தம்பி. எஃப் இல்லாத பிராசசர் இங்கேயும் கைகொடுத்தது, கார்டு மாட்டாமலே போர்டில் எச்டிஎம்ஐ சொருகி டிஸ்ப்ளே பார்க்கலாம். பவர் பட்டன் இன்னும் கிடையாதே, போர்டில் அதற்கான இரண்டு பின்னை ஸ்குரூடிரைவர் நுனியால் ஒரு நொடி தொட வேண்டும், அவ்வளவுதான். ஃபேன் சுற்றியது, திரையில் ஒன்றும் இல்லை. என் கை தானாக ஸ்விட்ச் பக்கம் போனது. "கை வைக்காதீங்கண்ணே, அது ரேமைப் படிச்சிட்டு இருக்கு" என்று தடுத்தார். டிடிஆர்5-இல் முதல்முறை ஆன் ஆகும்போது ரேமைச் சோதித்துச் சரிசெய்து கொள்ளச் சில நிமிஷம் எடுக்கும், அதுவரை கறுப்புத் திரைதான். அவருக்குக் கொடுத்த கூலி அந்த ஒரு வாக்கியத்துக்கே சரியாகிவிட்டது, தனியாக இருந்தால் நடுவில் ஆஃப் செய்து, கழற்றி மாட்டி, இல்லாத கோளாறைத் தேடியிருப்பேன்.

பயோஸ் (போர்டிலேயே இருக்கும் அடிப்படை சாஃப்ட்வேர்) திரை வந்ததும் விண்டோஸுக்கு முன்னால் பென் டிரைவில் புது பயோஸ் ஏற்றினோம், மேலே சொன்ன மைக்ரோகோடு திருத்தம் அதில்தான் வரும். இதைக் கடையில் செய்து தருவார்களா என்று கேட்டபோது, தேவைப்பட்டால் பிறகு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்றுதான் பதில் வந்திருந்தது. பவர் அளவுகளையும் இன்டெல் டிஃபால்ட்டில் வைத்தேன், சில போர்டுகள் கேட்காமலே வரம்பைத் தூக்கி வைத்திருக்கும்.

கேபினெட் வேலை பொறுமை சார்ந்தது, சொல்லப் பெரிதாக இல்லை. போர்டுக்கு மேலே இடது மூலையில் வரும் 8 பின் பிராசசர் ஒயரை முதலிலேயே இழுத்து வைத்துவிடுங்கள், கூலரோடு போர்டு உள்ளே வந்த பிறகு அங்கே விரல் நுழையாது. அது நான்கு நான்காகப் பிரியும், கார்டுக்கு வருவது ஆறும் இரண்டுமாகப் பிரியும், இரண்டும் ஒன்று இல்லை. பழைய எஸ்எம்பிஎஸ்-இன் கழற்றும் ஒயர்களைப் புதியதில் சொருகவே கூடாது, பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், டிஸ்க் எரிந்துவிடும்.

ஆவணியில் ஒரு ராத்திரி கரண்ட் போய் வந்த பிறகு டிஸ்ப்ளே வரவில்லை. பக்கத்து மூடியைக் கழற்றி, ரேம் இரண்டையும் எடுத்து, ஒன்றை மட்டும் மாட்டி ஆன் செய்தேன், வந்தது. பிறகு இரண்டாவதையும் போட்டேன், அதுவும் வந்தது. யாருக்கும் போன் செய்யவில்லை. அடுத்த வாரமே யுபிஎஸ் மாற்றினேன், இந்த மாதிரி எஸ்எம்பிஎஸ்-களுக்கு ப்யூர் சைன் வேவ் (வீட்டுக் கரண்ட் மாதிரியே சீரான அலையாகத் தரும்) யுபிஎஸ்தான் நம்பகமானது.

எல்லாரும் இப்படித்தான் செய்ய வேண்டும் என்று சொல்ல மாட்டேன். பக்கத்தில் உட்கார ஆள் கிடைக்காதவர்கள், ஒரு வாரம் கூட மெஷின் இல்லாமல் இருக்க முடியாதவர்கள் கடையிலேயே கொடுங்கள், ஆனால் பட்டியல் உங்களுடையதாக இருக்கட்டும், உங்கள் கண் முன்னால் பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்கள், காலிப் பெட்டிகள் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள், உங்கள் ஃபுட்டேஜை ஒரு டிரைவில் கொண்டுபோய் அங்கேயே ஓட்டிப் பாருங்கள். வெளியூருக்குக் கொண்டுபோவதாக இருந்தால் கிளம்பும் முன் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி அதன் பெட்டியிலேயே தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், கனமான கார்டு பஸ் குலுக்கலில் ஸ்லாட்டையே உடைத்துவிடும். வீட்டில் அதைத் திரும்ப மாட்ட ஒரு ஸ்குரூடிரைவர் போதும்.