கார்ல் பார்த்துக்கு முன்னால் படிக்க வேண்டியது

குமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் சி.எஸ்.ஐ., லத்தீன், மலங்கரை, இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே சபைகள் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. இங்கிருந்து நவீன இறையியல் படிக்கப் போகும் பிள்ளைகள் நேராக, சுவிஸ் புராட்டஸ்டன்ட் இறையியலாளர் கார்ல் பார்த்தைக் கையில் எடுக்கிறார்கள். அவர் யாரோடு மல்லுக்கு நிற்கிறார் என்று தெரியாவிட்டால், வழக்கமான கன்வென்ஷன் பிரசங்கம் மாதிரிதான் தோன்றும்.

முதலில் ஜெர்மன் இறையியலாளர் ஷ்லையர்மாகர். 1799-லேயே மதத்தின் வேரை மனித உள்ளுணர்வில் தேடியவர். பிறகு பார்த்தின் ஆசிரியரான ஹார்னாக். 1914-ல் ஜெர்மனியின் போரை நியாயப்படுத்தி 93 ஜெர்மன் அறிவாளிகள் வெளியிட்ட அறிக்கையில் இவர் கையெழுத்தும் உண்டு. தன் ஆசிரியர்களின் பெயர்களை அதில் கண்ட அதிர்ச்சியைக் கார்ல் பார்த் தாமே பின்னாளில் சொல்லியிருக்கிறார். இதற்குப் பிறகு அவருடைய ரோமர் நிருப விளக்கத்தைத் திறவுங்கள். அதுவும் 1922-ன் இரண்டாம் பதிப்பை. முதல் பதிப்பை அவர் அடியோடு திருத்தி எழுதியது அது. பக்க ஓரத்தில் பென்சிலால் 'இது யாருக்குப் பதில்?' என்று குறித்துக்கொண்டே போங்கள்.

1934-ல் சக சுவிஸ் இறையியலாளர் எமில் ப்ரூன்னருக்கு அவர் கொடுத்த பதிலின் தலைப்பே 'இல்லை!'. விழுந்துபோன மனிதனிடம் தேவனின் வார்த்தை வந்து ஒட்டிக்கொள்ள ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்பதுதான் சண்டை; இருக்கிறது என்றார் ப்ரூன்னர், இல்லை என்றார் பார்த். பக்கத்து வீட்டுக் கத்தோலிக்க நண்பரிடம் இதைப் பேசிப் பாருங்கள்: பகுத்தறிவின் ஒளியால் கடவுளை உறுதியாக அறியலாம் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் முதலாம் வத்திக்கான் சங்கம் 1870-லேயே அறிவித்துவிட்டது.