பார்த்தீனியம் பூக்கும் முன்பே தொடங்கும் மருத்துவம்

பெங்களூரில் குடியேறிய பிறகுதான் எனக்கு இந்த மகரந்த ஒவ்வாமைத் தொல்லை வந்தது. தென்மேற்குப் பருவமழை இறங்கி, காலி மனைகளில் பார்த்தீனியம் என்னும் களைச்செடி இடுப்பளவு வளர்ந்து வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டால், காலையில் கண் விழித்ததுமே அடுக்குத் தும்மல் வரும். மூக்கு தண்ணீராக ஒழுகும். கண்ணும் மேலண்ணமும் ஓயாமல் அரிக்கும். சாதாரணச் சளி என்றால் ஒரு வாரம் பத்து நாளில் ஓய்ந்துவிடும். இதுவோ காய்ச்சலும் இல்லாமல், சளியும் கெட்டிப்படாமல், மழைக்காலம் முழுவதும் நீடித்தது. நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தபோது அடைப்பு சற்று நேரம் விலகியதே தவிர, அரிப்பும் தும்மலும் நிற்கவில்லை.

காது மூக்கு தொண்டை மருத்துவர் முதலில் தோல் பரிசோதனைக்கு அனுப்பினார். தும்மலை அடக்கும் மாத்திரைகள் முடிவை மறைத்துவிடும் என்பதால், பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பே அவற்றை நிறுத்தச் சொன்னார். முன்கையில் பேனாவால் குறியிட்டு, பல்வேறு மகரந்தம், தூசிப்பூச்சி, பூஞ்சை ஆகியவற்றின் சாறுகளை ஒவ்வொரு சொட்டாக வைத்து, ஒவ்வொன்றின் மேலும் சிறிய ஊசிமுனையால் இலேசாகக் குத்தினார்கள். கால் மணி நேரத்தில் பார்த்தீனியச் சொட்டு இருந்த இடம் கொசு கடித்ததுபோல் தடித்துச் சிவந்தது. எதிரி யாரென்று தெரிந்ததால் எந்த மாதத்தில் மருந்து தொடங்க வேண்டும் என்பதும் தெரிந்தது. அந்த ஒரு தகவலே பரிசோதனைக்குக் கொடுத்த பணத்துக்குத் தகும் என்பேன்.

மருத்துவர் எழுதிக் கொடுத்தது மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே. ஸ்டீராய்டு என்றதும் வீட்டில் எல்லோரும் பயந்தார்கள். மூக்கின் உட்சவ்வில் வேலை செய்யும் இந்த மருந்து ரத்தத்தில் மிகச் சிறிதளவே கலக்கிறது என்று அவர் பொறுமையாக விளக்கினார். இது தும்மல் வரும்போது மட்டும் அடித்துக்கொள்ளும் மருந்து அன்று. முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரங்கள் ஆகலாம் என்பதால், செடி பூக்கும் பருவத்துக்கு இரண்டு வாரம் முன்பே தொடங்கி நாள்தோறும் விடாமல் அடிக்க வேண்டும். அடிக்கும் முறையையும் அவரே செய்து காட்டினார். மூக்கைச் சிந்திவிட்டு, குப்பியைக் குலுக்கி, தலையைச் சற்றே முன்னால் குனிந்து, இடது நாசிக்கு வலது கையாலும் வலது நாசிக்கு இடது கையாலும் அடிக்க வேண்டும். அப்போது குப்பியின் முனை மூக்கின் நடுத்தண்டை விட்டு விலகி, வெளிப்பக்கமாக அந்தப் பக்கத்துக் காதை நோக்கித் திரும்பும். நடுத்தண்டிலேயே அடித்துவந்தால் அங்கே புண்ணாகி ரத்தம் கசியலாம். அடிக்கும்போது மூச்சை மெல்ல இழுத்தால் போதும். பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்க் கசக்கும், மூக்குக்குப் பயனில்லை.

மருந்துக்கடையில் எளிதாகக் கிடைக்கும், அடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்தைப் பற்றி அவர் கண்டிப்பாக எச்சரித்தார். அதைச் சில நாட்களுக்கு மேல் தொடர்ந்தால், மருந்தின் வேகம் இறங்கியதும் அடைப்பு முன்னைவிடக் கடுமையாகத் திரும்பும். கண் அரிப்பு மிகும் நாட்களுக்கு, ஒவ்வாமையை அடக்கும் ஃபெக்சோஃபெனடின் மாத்திரை தந்தார். பழைய மாத்திரைகளைப்போல் இது தூக்கத்தில் ஆழ்த்துவதில்லை. ஆனால் ஆரஞ்சு, ஆப்பிள் போன்ற பழச்சாறுகளுடன் விழுங்கினால் உடலில் சேர்வது குறையும் என்பதால் தண்ணீரில்தான் விழுங்குகிறேன். இரவில் ஸ்பிரேக்கு முன், கொதித்து ஆறிய நீரில் உப்புக் கரைசல் கலந்து மூக்கைக் கழுவுகிறேன். கொதிக்காத குழாய்த் தண்ணீரை இதற்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.

வெளியே போய் வந்ததும் தலைக்குக் குளித்து உடை மாற்றுவதும், துணிகளை மொட்டைமாடியில் உலர்த்தாமல் வீட்டுக்குள் உலர்த்துவதும் எனக்கு நன்றாகவே உதவின. பக்கத்து மனையில் முளைத்த செடிகளை, பூப்பதற்கு முன்பே, கையுறையும் முகக்கவசமும் அணிந்த தெருக்காரர்கள் சேர்ந்து வேரோடு பிடுங்கினார்கள். வெறுங்கையால் தொட்டால் சிலருக்குத் தோல் அழற்சியும் வரும்.

இப்போது மழைக்காலத்தில் தும்மல் அறவே இல்லை என்று சொல்லமாட்டேன்; ஆனால் இரவில் வாயால் மூச்சுவிடாமல் தூங்க முடிகிறது. ஒவ்வாமைப் பொருளையே சிறிது சிறிதாகச் செலுத்தி உடலைப் பழக்கும் சிகிச்சையும் உண்டு. அதை மூன்று ஆண்டுகளாவது தொடர வேண்டியிருக்கும் என்பதாலும், ஸ்பிரேயே கைகொடுப்பதாலும், மருத்துவரும் நானும் அதை இப்போதைக்குத் தள்ளிவைத்திருக்கிறோம். மூக்கோடு நிற்காமல் நெஞ்சில் இழுப்போ இரவு இருமலோ தொடங்கினால் அது ஆஸ்துமாவாக இருக்கலாம் என்பதால், அடுத்த முறை பார்க்கும் தேதிவரை காத்திராமல் உடனே வரச் சொல்லியிருக்கிறார்.