பாதியாக வெட்டப்பட்ட பனிவீடு

உயர்தர வகுப்பில் எங்களுக்குப் புவியியல் படிப்பித்த மாஸ்டர், ஆவணப்படம் ஒன்று முடிந்ததும் கதையைக் கேட்கமாட்டார். கமெராவை எங்கே வைத்திருந்தார்கள் என்றுதான் கேட்பார். மண்டபத்து யன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி, 16 மி.மீ. புரொஜெக்ரரில் றொபேட் ஃபிளாஹேர்ட்டியின் ‘நனூக் ஒஃப் த நோர்த்’ (1922) காட்டப்பட்டபோதும் அப்படியே. கனடாவின் ஹட்சன் விரிகுடாக் கரையில், வடதுருவப் பழங்குடியினரான இனுயிற் குடும்பமொன்று பனிப்பாளங்களை அறுத்து வீடு கட்டி, உள்ளே தோல்விரிப்புகளில் உறங்கும் காட்சியில் நாங்கள் சொக்கிப்போயிருந்தோம்.

“உள்ளுக்கு இவ்வளவு வெளிச்சம் எங்கையிருந்தடா வந்தது?”

யன்னலாகப் பதித்த ஒற்றைப் பனிக்கட்டியைச் சொன்னோம். அது காணாது என்றார். அக்காலக் கமெராவுக்கு ஒளியும் இடமும் போதாமையால், வழமையிலும் பெரியதொரு வீட்டைக் கட்டி அதன் ஒரு பக்கத்தை வெட்டித் திறந்துவிட்டார்கள் என்பதையும், அந்தக் குடும்பம் வெட்டவெளிக் குளிரிலேயே உறங்குவதாக நடித்தது என்பதையும், துவக்கால் வேட்டையாடப் பழகியிருந்தவர்கள் படத்துக்காக ஈட்டி ஏந்தினார்கள் என்பதையும் பிறகுதான் விளக்கினார். ஆயினும் படத்தைப் பொய்யென்று அவர் தள்ளிவிடவில்லை; ஈட்டிக்கயிற்றைப் பிடித்த மனிதர்களுக்கும் கடலுக்குள் இழுக்கும் வால்ரஸுக்கும் இடையிலான இழுபறி நடிப்பல்ல என்றும், அழகு அங்கேதான் இருக்கிறது என்றும் சொன்னார். (ஃபிளாஹேர்ட்டி முதலில் எடுத்த சுருள்கள் 1916இல் நான் இப்போது வாழும் ரொறன்ரோவில் அவருடைய சிகரெட் நெருப்பில் எரிந்துபோனதை இங்கு வந்தபின் வாசித்தறிந்தேன்.)

வானிலிருந்து ட்ரோன் படம்பிடிக்க, பின்னணி இசை பொங்க, மனிதரே இல்லாத காடுகளைக் காட்டும் இன்றைய தொலைக்காட்சிப் படங்கள் எனக்கு ஒட்டுவதில்லை. வட மசிடோனியாவில் எடுக்கப்பட்ட ‘ஹனிலேண்ட்’ (2019) என்ற ஆவணப்படம் ஒட்டியது. மின்சாரமில்லாத மலைக்கிராமமொன்றில், படுக்கையிலிருக்கும் தாயுடன் வாழ்ந்து, பாறையிடுக்குக் கூடுகளில் பாதித் தேனைத் தனக்கு எடுத்துப் பாதியைத் தேனீக்களுக்கே விட்டுவைக்கும் ஹத்திட்ஸே என்ற பெண்ணின் வீட்டுக்குள், மெழுகுதிரியும் சிறு யன்னலும் தரும் ஒளியே ஒளி. அது எட்டாத மூலைகள் இருட்டாகவே விடப்பட்டிருக்கின்றன. அவர் பேசும் துருக்கிய வழக்கு இயக்குநர்கள் இருவருக்கும் புரியாதபடியால், மூன்றாண்டுப் படப்பிடிப்பின் காட்சிகளை முதலில் பேச்சின்றிப் பார்த்தே தொகுத்தார்களாம். விளக்கவுரை கிடையாது. ஆகவே யார் பக்கம் நிற்பதென்று நமக்கு எவரும் சொல்லித்தருவதில்லை. தேன் முழுவதையும் விற்றுவிடத் துடித்து ஹத்திட்ஸேயின் கூடுகளுக்கே கேடு விளைவிக்கும் அயலவரைக்கூடப் படம் கெட்டவராக்காமல், கொட்டுவாங்கி அழும் அவருடைய பிள்ளைகளையும் அதே பொறுமையோடு பார்க்கிறது. அத்தனை பிள்ளைகளுக்கும் சாப்பாடு போடத்தானே அவரும் அலைகிறார்.