ஒரு வேளைச் சாப்பாடு: ஒரு நாள் முழுதும் ஒரே தட்டில் அடங்குமா?

"ஒரு வேளை உண்பவன் யோகி, இரு வேளை உண்பவன் போகி, மூன்று வேளை உண்பவன் ரோகி" என்ற பழமொழி இப்போது 'ஓமாட்' (OMAD, 'ஒன் மீல் எ டே' என்பதன் சுருக்கம்) என்ற புதுப் பெயரோடு சேர்ந்து வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. 23 மணி நேரம் பட்டினி, மிச்சமுள்ள ஒரு மணி நேரத்துக்குள் ஒரே சாப்பாடு. எடை குறையும் என்கிறார்கள், குறையத்தான் செய்கிறது. ஆனால் இதைத் தினசரிப் பழக்கமாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால், பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். சிக்கல் அந்த 23 மணி நேரத்தில் இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். எனக்குப் பெரிய சிக்கலாகத் தெரிவது அந்த ஒரு மணி நேரம்.

ஒருபொழுது இருப்பது நம் வீடுகளுக்குப் புதிதில்லை. வெள்ளிக்கிழமை, கிருத்திகை, சஷ்டி என்று மதியம் மட்டும் சோறு சாப்பிட்டுவிட்டு, இரவுக்கு இரண்டு இட்லியோ பாலும் பழமுமோ எடுத்துக்கொள்வார்கள். தவக்காலத்தில் கத்தோலிக்கர்கள் ஒருசந்தி இருக்கும் நாளிலும் ஒரு முழுச் சாப்பாட்டோடு மற்ற வேளைகளில் கொஞ்சம் ஆகாரம் உண்டு. ரமலானில் சஹரும் இஃப்தாரும் சேர்ந்தால் இரண்டு வேளை ஆகிவிடுகிறது. இவை எல்லாவற்றுக்கும் நாள் கணக்கு உண்டு. முடிந்ததும் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். வருடம் முழுக்க, இரவில் ஒரு டம்ளர் பால்கூட இல்லாமல் இருப்பது வேறு சங்கதி. அதற்கு நோன்பைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

கணக்குக்கு வருவோம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020ல் வெளியிட்ட அளவுகளின்படி, உட்கார்ந்து வேலை பார்க்கும் 65 கிலோ ஆணுக்கு ஒரு நாளைக்கு 2110 கலோரியும் 54 கிராம் புரதமும் தேவை. 55 கிலோ பெண்ணுக்கு 1660 கலோரி, 46 கிராம் புரதம். கால்சியம் இருவருக்கும் 1000 மில்லிகிராம். இரும்புச்சத்து ஆணுக்கு 19, பெண்ணுக்கு 29 மில்லிகிராம்.

இப்போது நம் வழக்கமான மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 200 கிராம் அரிசியை வடித்த சோறு, சாம்பாரில் 25 கிராம் துவரம்பருப்பு, 100 கிராம் பொரியல், ரசம், 100 மில்லி தயிர். வயிறு நிறைந்துவிடும். கலோரி ஏறக்குறைய ஆயிரம். புரதமோ சுமார் 26 கிராம்தான்: அரிசியில் 15, பருப்பில் 5 முதல் 6, தயிரில் 3, பொரியலில் 2. கால்சியம் தேவையில் கால் பங்கு வந்தால் பெரிது. 'ஒரு வேளை மட்டும் சாப்பிட்டேன், மாதத்தில் நாலு கிலோ குறைந்தது' என்று சொல்பவர்களில் பலருடைய தட்டு இப்படித்தான் இருக்கும். கலோரி பாதியானதால் எடை இறங்குகிறது. புரதமும் பாதியாகிவிட்டதால் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரைகிறது. தராசுக்கு இரண்டும் ஒன்றுதான். மாடிப்படி ஏறும்போதும் தரையில் உட்கார்ந்து எழும்போதும்தான் வித்தியாசம் தெரியும்.

சரி, ஒரே தட்டில் நாள் முழுவதற்கும் ஒழுங்காகக் கொடுக்க முயன்றால்? அரிசியை 120 கிராமாகக் குறைத்து, பருப்பை 50 கிராமாக ஏற்றுவோம். 60 கிராம் கொண்டைக்கடலையில் சுண்டல், இரண்டு முட்டை, 100 கிராம் மீன், 300 கிராம் காய்கீரை, 200 மில்லி தயிர், 30 கிராம் வேர்க்கடலை, ஒரு கொய்யா, எல்லாவற்றுக்கும் சேர்த்து 20 கிராம் எண்ணெய். கலோரி 1650ஐ ஒட்டி வரும், புரதம் 80 கிராம் தேறும். அருமையான பட்டியல். ஆனால் வெந்த பிறகு எடை போட்டால் இது ஒன்றரைக் கிலோவைத் தாண்டும். ஒரே உட்காரலில் தினமும் இதைச் சாப்பிட முடிகிறவர்கள் மிகக் குறைவு. முதல் வாரம் முயல்வார்கள். இரண்டாம் வாரம் சுண்டல் போகும், அப்புறம் கீரை, அப்புறம் தயிர். சோறு மட்டும் கடைசிவரை தட்டில் இருக்கும், ஏனென்றால் 23 மணி நேரப் பசிக்குக் கை முதலில் போவது அங்கேதான். சைவமாக இருந்தால் மீனும் முட்டையும் கொடுக்கும் 32 கிராம் புரதத்தைப் பனீர், சோயா, பருப்பு வகைகளில் ஈடுகட்ட வேண்டும். தட்டின் கனம் இன்னும் கூடும்.

இந்த இடத்தில் ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்த வேண்டும். ஒரே வேளையில் 30 கிராமுக்கு மேல் புரதம் எடுத்தால் வீண் என்று உடற்பயிற்சிக் கூடங்களில் சொல்வார்கள். 2023ல் நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில், பயிற்சி செய்த இளைஞர்களுக்கு ஒரே தடவையில் 100 கிராம் பால் புரதம் கொடுத்துப் பார்த்தார்கள். 25 கிராம் கொடுத்தவர்களைவிட அதிகமாகவும், 12 மணி நேரத்துக்கும் மேலாகவும் அது தசைக்குப் பயன்பட்டது. ஆகவே புரதத்தை ஒரே வேளையில் உள்ளே அனுப்பினால் உடம்பு ஏற்காது என்பது சரியில்லை. உள்ளே அனுப்ப முடிகிறதா என்பதுதான் கேள்வி.

கால்சியத்தின் கதை வேறு. ஒரு தடவைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடல் உறிஞ்சும் விகிதம் குறைந்துவிடும். அதனால் ஒரே வேளையில் ஆயிரத்தைச் சேர்த்தாலும் முழுப் பயன் கிடைக்காது. இரும்புக்கு இன்னொரு தொல்லை. டீ, காபியில் உள்ள பொருட்கள் இரும்பை உறிஞ்சவிடாமல் தடுக்கும். நிறையக் கால்சியம் ஒரே நேரத்தில் போனாலும் அப்படித்தான். மூன்று வேளை சாப்பிடுபவர் ஒரு வேளையில் இழந்ததை இன்னொரு வேளையில் பிடித்துவிடுவார். ஒரே வேளைக்காரருக்கு அந்த வாய்ப்பே கிடையாது. சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கம் இருந்தால், அன்றைக்குக் கிடைக்க வேண்டிய இரும்பில் பெரும்பகுதி போய்விடும். மாதவிடாய் வரும் வயதில் உள்ள பெண்களுக்கு நான் இந்த முறையைப் பரிந்துரைக்காததற்கு முதல் காரணமே இதுதான்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? ஒரு வேளையையும் மூன்று வேளையையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகள் மிகக் கொஞ்சம். 2007ல் அமெரிக்காவில், சரியான எடையுள்ள நடுவயதினருக்கு எட்டு வாரம் மூன்று வேளையாகவும், எட்டு வாரம் மாலை 5 முதல் 9 மணிக்குள் ஒரு வேளையாகவும், கலோரியைக் குறைக்காமல் அதே அளவு உணவைக் கொடுத்தார்கள். 21 பேர் தொடங்கி 15 பேர் முடித்தார்கள். ஒரு வேளை காலத்தில் உடல் கொழுப்பு சற்றுக் குறைந்தது. அதேசமயம் ரத்த அழுத்தமும் கெட்ட கொழுப்பான எல்டிஎல்லும் ஏறின, நல்ல கொழுப்பான எச்டிஎல்லும் ஏறியது. காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை கூடியது. பசி வாரத்துக்கு வாரம் பழகிப்போகாமல் அதிகமானது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் 'பழகிவிடும்' என்று சொல்பவர்கள் கவனிக்க வேண்டியது.

பட்டினி நேரத்துக்கே தனிச் சக்தி உண்டா என்பதற்குச் சீனாவின் குவாங்சோவில் நடந்து 2022ல் வெளியான ஆய்வு நல்ல பதில் தருகிறது. உடல் பருமன் உள்ள 139 பேருக்கு ஒரு வருடம் ஒரே கலோரிக் கட்டுப்பாடு. பாதிப் பேர் மட்டும் எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும். நேரக் கட்டுப்பாடு இருந்த குழு சராசரியாக 8 கிலோவும் மற்றது 6.3 கிலோவும் குறைந்தது. அந்த வித்தியாசம் புள்ளிவிவரப்படி பொருட்படுத்தத் தக்கதாக இல்லை. எடையைக் குறைத்தது கலோரிக் குறைப்பு. கடிகாரம் அதற்கு ஒரு வேலி. சிலருக்கு அந்த வேலி உதவும், மறுக்கவில்லை.

செல்கள் தம்மைத் தாமே சுத்தம் செய்துகொள்ளும் என்ற பேச்சும் இதோடு சேர்ந்தே வரும். ஜப்பானிய விஞ்ஞானி யோஷினோரி ஓசுமிக்கு 2016ல் நோபல் கிடைத்தது ஈஸ்ட் செல்களில் அந்த வேலை எப்படி நடக்கிறது என்று கண்டுபிடித்ததற்காக. மனிதர் 23 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் நோய் தீரும் என்று அந்தப் பரிசு சொல்லவில்லை. பட்டினியில் உடம்பு முதலில் எடுத்துச் செலவழிக்கும் சர்க்கரைச் சேமிப்பான கிளைகோஜன் நம் கல்லீரலில் சுமார் 100 கிராம் இருக்கிறது. அது கரைந்து முடியவே ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். அது முடியும் நேரத்தில் நீங்கள் மறுபடி தட்டின் முன் உட்கார்ந்திருப்பீர்கள்.

இதைவிட முக்கியமானது மாத்திரை. சுகருக்கு கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு எடுப்பவர்களும் இன்சுலின் போடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைக்கு மாறவே கூடாது. இந்த மருந்துகள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கும். பலர் 'நான் மெட்ஃபார்மின் மட்டும்தான் போடுகிறேன்' என்பார்கள். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். நம் ஊரில் மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருவது ரொம்பச் சாதாரணம். டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை எடுப்பவர்களுக்கு ஆபத்து வேறு மாதிரி: நீண்ட பட்டினியில் ரத்தத்தில் அமிலம் ஏறலாம், அப்போது சர்க்கரை அளவு பெரிதாக ஏறியிருக்காது என்பதால் கண்டுபிடிப்பதும் தாமதமாகும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்து சர்க்கரை 70க்குக் கீழே காட்டினால், நிறைத்து எடுத்த மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறியதும் சாப்பிட வேண்டும். 'இன்னும் மூன்று மணி நேரம்தான்' என்று பொறுக்கக் கூடாது. வலி மாத்திரையையும் ஆஸ்பிரினையும் வெறும் வயிற்றில் போடுவதும் வயிற்றுப் புண்ணில் கொண்டுபோய் விடலாம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள், ஏற்கெனவே ஒல்லியாக இருப்பவர்கள், தசை குறைந்துவரும் முதியவர்கள், பித்தப்பைக் கல் உள்ளவர்கள், வெயிலில் உடலுழைப்பு செய்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

இந்தப் பட்டியலில் இல்லாத, எடை கூடுதலான, ஆரோக்கியமான ஒருவருக்கு நான் சொல்வது இரண்டு வேளை. காலை 11 மணிக்கு ஒன்று, மாலை 6 மணிக்கு ஒன்று. இடையில் 17 மணி நேர இரவுப் பட்டினி கிடைக்கிறது. மேலே சொன்ன ஒன்றரைக் கிலோவை இரண்டாகப் பிரித்தால் எளிதாக உள்ளே போகும். தயிரும் பருப்பும் ஒரு வேளை, முட்டையும் மீனும் சுண்டலும் ஒரு வேளை என்று புரதமும் பரவிவிடும்.

ஒரு வேளைதான் என்று முடிவே செய்துவிட்டால், வாரத்தில் ஒன்றிரண்டு நாளோடு நிறுத்துங்கள். அந்தச் சாப்பாடு மதியம் 12க்கும் 3க்கும் இடையில் இருக்கட்டும். அலுவலகம் முடிந்து இரவு 9 மணிக்கு ஒரேயடியாகச் சாப்பிடுவதுதான் இருப்பதிலேயே மோசமான வடிவம்: சர்க்கரையைக் கையாளும் திறன் இரவில் குறைவு, நிறைந்த வயிற்றோடு படுத்தால் புளித்த ஏப்பமும் நெஞ்செரிச்சலும் தூக்கத்தைக் கெடுக்கும். சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது கழித்துத்தான் படுக்க வேண்டும். காய், சுண்டல், முட்டை முதலில், சோறு கடைசியில். அந்த வரிசையில் சாப்பிட்டால் சர்க்கரை ஏறுவது மட்டுப்படும், சோறும் தானாகக் குறையும். அரை மணி நேரமாவது எடுத்துக்கொண்டு மெதுவாகச் சாப்பிடுங்கள், பிறகு 15 நிமிடம் நடை. டீ, காபி ஒரு மணி நேரம் தள்ளி.

பட்டினி நேரத்தில் தண்ணீர், பாலும் சர்க்கரையும் சேர்க்காத காபி, டீ போதும். பாலும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரையும் போட்ட ஒரு டம்ளர் காபி நூறு கலோரிக்குப் பக்கம் வரும். நாளைக்கு நாலு என்றால் அதுவே ஒரு வேளைச் சிற்றுண்டி. முதல் வாரத் தலைவலிக்குப் பெரும்பாலும் காரணம் தண்ணீர்க் குறைவு, அல்லது திடீரென்று நிறுத்திய காபி.

தொடங்கும் முன் ஹீமோகுளோபின், எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), கொழுப்பு, பி12 பார்த்து வையுங்கள், மூன்று மாதத்தில் மறுபடி பாருங்கள். எழுந்து நிற்கும்போது கண் இருட்டினால், மாதவிடாய் தள்ளிப்போனால், சாப்பிட்ட பின் வலது விலா எலும்புக்குக் கீழே வலி வந்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். நீண்ட நேரம் சாப்பிடாவிட்டால் பித்தநீர் பையிலேயே தேங்கிக் கெட்டியாகும். எடையும் வேகமாக இறங்கினால் கல் உருவாக அது வழி செய்யும். முடி கொட்டுவதை மட்டும் எச்சரிக்கை மணியாக நம்ப வேண்டாம். சத்துக் குறைந்து இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் அது சீப்பில் தெரியும். அதற்குள் பலரும் புது ஷாம்பூவைக் குற்றம் சொல்லிக்கொண்டு ஒரு வேளைச் சாப்பாட்டைத் தொடர்ந்துகொண்டிருப்பார்கள்.